மலையூர்க் கலை மையத்தில் உங்கள் முதல் கண்காட்சி: நீலகிரிக் கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரி என்றதும் வெளியூர்க்காரர் மனத்தில் எழும் படம் மலை ரயிலும் தேயிலைச் சரிவும்தான். அந்தப் படத்தைப் பரப்பியவர்களும் பெரும்பாலும் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் வரைகிறவர், லயன் வீட்டில் வளர்ந்து இன்று கல்லூரிக்குப் போகும் பெண், தோடர் குடியிருப்பான மந்தில் வெயில் பார்த்து உட்கார்ந்து பூத்தையல் போடும் பாட்டி ஆகியோர் செய்யும் வேலை அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. இதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. சுவரை யாரிடம் கேட்பது, கிடைத்தால் எதைக் கொண்டுபோவது, என்ன விலை சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் இடங்களில் படம் மாட்டவும் இறக்கவும் பல ஆண்டுகளாகக் கூடமாட இருந்துவருகிறேன். முதல்முறை வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஓவியத்தை மனத்தில் வைத்தே அதிகம் சொல்லியிருக்கிறேன். புகைப்படம், மண்பாண்டம், மரவேலை, தையல் செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பார்வையாளராகப் போங்கள்

வணிகக் காட்சிக்கூடம் வேறு, ஊர்க் கலை மையம் வேறு. காட்சிக்கூடக்காரர் விற்கும் என்று தோன்றுவதைத் தேர்ந்தெடுத்து, விற்று, தன் பங்கை எடுத்துக்கொள்வார். அது அவர் தொழில். ஊர் மையம் உறுப்பினர் சந்தா, வகுப்புக் கட்டணம், விற்பனையில் ஒரு சிறு பங்கு, யாராவது தரும் நன்கொடை ஆகியவற்றில் ஓடுகிறது. சனிக்கிழமை குழந்தைகள் வரையும் அதே அறையில்தான் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறக்கும். அங்கே இருப்பவர்களில் சம்பளம் வாங்குபவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் கலைஞர்கள் தாங்களே சேர்ந்து தங்களுக்கு இடம் உண்டாக்கிக்கொண்டதற்குப் பெரிய சான்று சோழமண்டலம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் சென்னைக்குத் தெற்கே அந்தக் கலைஞர் கிராமம் உருவானது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருமானம் அவர்களைத் தாங்கியது. பிறர் தரும் இடத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. ஊர் மையங்களின் அடிப்படையும் இதுதான். ஆகவே ‘என் படத்தை வைப்பீர்களா’ என்ற கேள்வியோடு முதல் நாளே போக வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் கண்காட்சியைப் பாருங்கள். பார்வையாளர் ஏட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள். அடுத்த கண்காட்சிக்குப் படம் மாட்டும் நாள் எது என்று கேட்டு, அன்றைக்குக் கை கொடுக்கப் போங்கள். ஏணி பிடித்தவரை மையம் மறக்காது. அதைவிட முக்கியம், சுவரின் அளவு, வெளிச்சம், எந்த மூலையில் ஈரம் கசிகிறது, வருகிறவர்கள் எதன் முன்னால் நிற்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குக் கண்ணால் தெரிந்துவிடும். உறுப்பினர் சந்தா கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

பக்கத்தில் மையம் இல்லாத ஊர்களில் நூலக அறை, பள்ளிக் கூடம், தேவாலய மண்டபம், ஊர்ச் சமுதாயக் கூடம் எல்லாமே கண்காட்சி அறைகள் ஆகலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து கேட்டால் கதவு சுலபமாகத் திறக்கும். கீழே சொல்லும் வேலைகள் அங்கேயும் அதேதான்.

எதைக் காட்டுவது

இருப்பதையெல்லாம் கொண்டுபோக வேண்டாம். கூட்டுக் கண்காட்சி என்றால் மூன்று படம் போதும். தனியாக ஒரு சுவர் கிடைத்தால் ஆறு முதல் எட்டு. அவற்றுக்குள் ஓர் இழை ஓட வேண்டும். ஒரே பஸ் நிறுத்தத்தின் வெவ்வேறு பொழுதுகள், கேரட் கழுவும் இடத்து முகங்கள், தாயகம் திரும்பிய தாத்தாவின் பெட்டியில் இருந்த பொருள்கள் என எதுவாகவும் இருக்கலாம். இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் இங்கே போடப்பட்டன. அந்தக் குடும்பங்களின் கதையைச் சொல்லும் ஓவியங்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். யாராவது வரைந்தால் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

மலை ரயிலை வரையக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக வரையுங்கள். ஆனால் அட்டையில் அச்சடித்த படத்தைப் பார்த்து வரையாமல், ரன்னிமேடு ரயில் நிலையத்தில் இறங்கி நின்று நீங்கள் கண்டதை வரையுங்கள். வித்தியாசம் பார்க்கிறவருக்கு உடனே தெரியும்.

மரபு யாருடையது என்று கேளுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நீலகிரியில் கைவினை என்றால் அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

தோடர் பூத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்வது. துணியில் கோடு வரைந்துகொண்டு தைப்பதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே கோலம் எழுகிறது. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் அல்லாத ஒருவர் அந்தக் கோலத்தைக் கேன்வாஸில் வரைந்து ‘தோடர் கலை’ என்று பெயர் போட்டு விற்பது, ஒரு சிறு சமூகத்தின் பெண்கள் கண் நோகச் செய்யும் வேலையின் மதிப்பைத் திருடுவது. நீங்களே தோடர் பெண் என்றால், அல்லது ஓர் அக்காவின் போர்வையை மையத்தில் வைக்க உதவுகிறீர்கள் என்றால், எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று தைத்தவரிடமே கேளுங்கள். நூல் முனைப்பாக எழும்பி நிற்கும் பக்கத்தைத்தான் அவர்கள் மேற்பக்கமாக வைத்துக்கொள்வார்கள். தெரியாதவர்கள் அதைப் பின்பக்கம் என்று நினைத்துச் சுவரோடு திருப்பி மாட்டிவிடுகிறார்கள். புத்துக்குளி என்னும் அந்தப் போர்வையை ஆணி அடித்து மாட்டவும் கூடாது. ஒரு மூங்கில் கழியில் மடித்துத் தொங்கவிட்டால் எடை சமமாக இறங்கும்.

குறும்பர் ஓவியமும் இப்படியே. கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பைப் பக்கத்தில் உள்ள பாறை ஓவியங்களைத் தங்கள் முன்னோரின் கை என்று ஆலு குறும்பர்கள் சொல்கிறார்கள். சுவரிலும் பாறையிலும் வரைந்ததை இன்று காகிதத்துக்குக் கொண்டுவந்து தொடர்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. மண், வேங்கைப் பிசின், இலைச்சாறு என்று நிறங்களைக் காட்டிலிருந்து எடுக்கிறார்கள். அந்தப் பாணி உங்களைக் கவர்ந்தால் அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள், அவர்களோடு சேர்ந்து காட்டுங்கள், பெயரைச் சொல்லுங்கள், பணத்தில் பங்கு கொடுங்கள்.

சேர்ந்து செய்யும் வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கூடலூர்ப் பக்கத்து யானைகள் சாட்சி. காட்டை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, வளைத்து, பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைகள் முழு உருவ யானைகளைச் செய்தன. 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. நம் வேலிக்குப் பக்கத்தில் புதராகக் கிடக்கும் செடிதான் அது.

இன்னொருவர் முகத்தை வரைந்திருந்தால் அவரிடமும் கேளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணை அவருக்குத் தெரியாமல் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்து, விலைச் சீட்டு ஒட்டிச் சுவரில் மாட்டுவது சரியில்லை. அவரைத் திறப்பு நாளுக்கு அழைக்க உங்களால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அழைக்கத் தயங்கினால் அந்தப் படத்தை வைக்காதீர்கள்.

விண்ணப்பம்: மூடுபனி உங்களுக்கு உதவும்

பெரும்பாலான மையங்கள் முதலில் படங்களின் புகைப்படத்தைத்தான் கேட்கும். கைபேசி போதும். கண்ணாடி போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். வெயிலிலும் எடுக்க வேண்டாம், டியூப் லைட்டின் கீழும் வேண்டாம். மேகம் மூடிய காலையில் வாசலுக்குக் கொண்டுவந்து சுவரில் நேராகச் சாய்த்து வையுங்கள். மூடுபனி நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் விழும். நகரத்தில் இதற்காக விளக்கும் குடையும் வாங்குகிறார்கள். கைபேசியின் நடுப்புள்ளி படத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். நான்கு ஓரமும் இணையாகத் தெரியட்டும். ஒரு தாளில் படத்தின் பெயர், உயரம், அகலம் (சென்டிமீட்டரில், உயரம் முதலில்), எதில் செய்தது, எந்த ஆண்டு என்று எழுதிக் கூட அனுப்புங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் குறையாது.

உங்களைப் பற்றி ஐந்து வரி எழுதினால் போதும். எந்த ஊர், என்ன வேலை, எப்போதிருந்து வரைகிறீர்கள், இந்தப் படங்களில் எதைப் பிடிக்க முயன்றீர்கள். ‘பிரபஞ்சத்தின் பேரமைதி’ போன்ற சொற்கள் வேண்டாம். ‘எடப்பள்ளிச் சாலையில் தினமும் நடக்கும்போது கண்டது’ என்று எழுதினால் தேர்வு செய்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பது மையத்தின் வேலை. அதற்காக நீங்கள் கூசவே தேவையில்லை.

குளிரும் ஈரமும்

கீழ்நாட்டுக் கலைஞருக்கு இல்லாத சிக்கல் நமக்கு இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் சற்றுத் தாழ்வு. இந்த உயரம் படத்தை மூன்று விதமாகத் தாக்கும்.

முதலாவது காய்தல். அக்ரிலிக் வண்ணம் தண்ணீர் ஆவியாகி, துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்து படலமாவதால் இறுகுகிறது. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த இணைப்பு சரியாக நடக்காது. மேலே காய்ந்ததுபோல் தெரியும், சில மாதங்களில் வெடிக்கும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் இரவு வேலையைத் தவிர்த்து, நண்பகலில் வரையுங்கள். இரவில் படத்தைச் சமையலறைப் பக்கத்து அறையில் வையுங்கள். ஆனால் அடுப்புக்கும் கணப்புக்கும் நேராக வைத்தால் மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். எண்ணெய் வண்ணம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுவது. இங்கே அது இன்னும் மெல்ல நடக்கும். மே மாதக் கண்காட்சிக்கு மார்ச்சில் எண்ணெய் ஓவியம் தொடங்குவது தாமதம். மேல்பூச்சு வார்னிஷ் போட ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

இரண்டாவது பூஞ்சை. மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தைக் குடித்து அலை அலையாக எழும்பும். அது கண்ணாடியில் ஒட்டினால் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும், பிறகு போகாது. எனவே நீர்வண்ண ஓவியத்தையும் புகைப்படத்தையும் கண்ணாடியோடு ஒட்டிப் பிரேம் போடக் கூடாது. இடையில் மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டையை வெட்டி வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அமிலம் நீக்கிய போர்டு கிடைத்தால் அதுவே நல்லது. மலிவான பழுப்பு அட்டை சில ஆண்டுகளில் காகிதத்தை மஞ்சளாக்கும். பிரேமின் பின்னால் பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கி மூடாமல் காகிதம் ஒட்டுங்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழி இருக்கும். கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் பிரேம் சுவரைத் தொடாமல் நிற்கும், பின்னால் காற்று ஓடும். இதற்குச் செலவு மிகக் குறைவு. நான் பார்த்த வரையில் மழைக்காலத்தில் இதைப்போல் படங்களைக் காப்பாற்றுவது வேறு எதுவும் இல்லை.

மூன்றாவது வெயில். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் என்று கணக்கு. குளிர்கிறதே என்று நாம் வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிய நீர்வண்ணம் கீழ்நாட்டைவிட வேகமாக வெளிறும். இலைச்சாற்று நிறங்களுக்கு அந்தச் சுவரே வேண்டாம்.

பிரேம் போடக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. முதல் கண்காட்சிக்கு அவ்வளவு தேவையில்லை. உள்ளூர்த் தச்சர் செய்யும் ஒல்லியான, அலங்காரமில்லாத மரச்சட்டம் போதும். எல்லாப் படத்துக்கும் ஒரே சட்டம், ஒரே நிறம். பொன் நிறப் பூவேலைச் சட்டம் உங்கள் படத்தைத் தின்றுவிடும்.

விலை

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ஒரு பக்கம், ‘சும்மா பொழுதுபோக்குக்கு வரைந்தது’ என்று சொல்லிப் பிரேம் செலவுகூடத் தேறாத விலை வைப்பவர்கள். மறுபக்கம், பெருநகரக் காட்சிக்கூடத்தில் கேட்ட விலையை வைப்பவர்கள். பொருள் செலவு, பிரேம் செலவு, வேலை செய்த மணிநேரம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கொத்தனாரின் கூலியைவிடக் குறைவாக மதிப்புப் போடாதீர்கள்.

மையத்தின் பங்கு இதற்கு மேல். எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே கேளுங்கள்; இடத்துக்கு இடம் மாறும். கணக்கைத் தலைகீழாகப் போடாதீர்கள். உங்கள் கைக்கு 3,500 ரூபாய் வர வேண்டும், மையத்தின் பங்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3,500இல் 30 சதவீதத்தைக் கூட்டி 4,550 என்று வைத்தால், மையம் 1,365 எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு 3,185தான் மிஞ்சும். 3,500ஐ 0.70ஆல் வகுக்க வேண்டும்: 5,000. அந்தப் பங்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பணத்தில்தான் அறைக்கு மின்சாரம் ஓடுகிறது.

சீட்டில் ஒட்டிய விலையே கடைசிவரை விலை. வீட்டுக்கு வந்து கேட்பவருக்குக் குறைத்துக் கொடுத்தால், மையத்தில் வாங்கியவர் ஏமாந்தவர் ஆகிவிடுவார். பணம் குறைவாக உள்ள ஊர்க்காரர்களுக்கும் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தால், அஞ்சலட்டை அளவில் சிறு மூலப் படங்கள் வரைந்து தனித் தட்டில் வையுங்கள். முதலில் தீர்வது பெரும்பாலும் அதுதான்.

கையெழுத்து

படங்களை ஒப்படைக்கும்போது இரண்டு பிரதியாக ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். படங்களின் பட்டியல், விலை, மையத்தின் பங்கு, ஒப்படைத்த நாள், திரும்ப எடுக்கும் நாள், விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், மாட்டும்போதோ அறையிலோ உடைந்தால் யார் பொறுப்பு. தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்தவர்களுக்குள் மனக்கசப்பு வராமல் இருக்கத்தான் இந்தச் சீட்டு. ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் கைபேசியில் எடுத்து வையுங்கள்.

பதிப்புரிமை பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்களாக வரைந்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். படத்தை விற்றாலும் அதை அச்சடித்து விற்கும் உரிமை விற்கப்படுவதில்லை. அதை மாற்றித்தர எழுத்து வடிவில் ஒப்பந்தமும் கையெழுத்தும் வேண்டும். ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இங்கே இத்தனை விடுதிகள் இருப்பதால் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து, ‘எங்களுக்காக வரைந்து கொடுங்கள்’ என்று கேட்டு நீங்கள் வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே பதிப்புரிமைக்காரர். விடுதியின் வரவேற்பறைக்கு வரைந்த படம் பிறகு அவர்களின் காபிக் கோப்பையிலும் பையிலும் வருவது உங்களுக்குச் சம்மதமில்லை என்றால், தொடங்கும் முன்பே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக்கும் குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சிக்கும் கூட்டம் மலையேறும். விற்பனைக்கு அது நல்ல காலம்தான். ஆனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்த பிறகும் அந்த மாதத்தில் சாலை நெருக்கடி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் எஸ்டேட்டிலிருந்தும் உங்கள் ஆட்கள் வந்து சேர்வது சிரமம். தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரியைப் பிடிக்கும். 2009 நவம்பர் மண்சரிவை நேரில் பார்த்தவர்கள் அந்த மாதத்தில் கண்காட்சி வைக்க மாட்டார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பா. முதல் கண்காட்சிக்குப் பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும் வரையிலான காலத்தைத்தான் நான் சொல்வேன். வானம் தெளிவாக இருக்கும், சாலை காலியாக இருக்கும், பள்ளித் தேர்வும் தொடங்கியிருக்காது.

கொண்டுபோவது

கொப்புளப் பிளாஸ்டிக் உறையில் சுற்றலாம் என்று நினைக்க வேண்டாம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையானது, நமக்கும் அது தேவையில்லை. பழைய பருத்திப் போர்வை, வேட்டி, அதற்கு மேல் அட்டை. இரண்டிரண்டாக முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் துணி வைத்துக் கட்டுங்கள். கண்ணாடியில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினால் உடைந்தாலும் துண்டு படத்தைக் கிழிக்காது. வண்டியில் எப்போதும் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மழை நாளில் கொண்டுபோனால் அறைக்குள் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். உடனே பிரித்தால், குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்த கண்ணாடியின் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

மாட்டுவது

ஒரு நாள் முன்பே போங்கள். சுத்தி, ஆணி, அளவு நாடா, பென்சில், ரசமட்டம் உங்களுடையது இருக்கட்டும். முதலில் எல்லாப் படத்தையும் தரையில் சுவரோரம் வரிசையாக வைத்துப் பார்த்து, இடம் மாற்றி மாற்றி முடிவு செய்யுங்கள். அதுவரை ஆணியைத் தொட வேண்டாம்.

எல்லாப் படத்தின் நடுவும் தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மேல் விளிம்பைச் சமப்படுத்தாதீர்கள், நடுவைச் சமப்படுத்துங்கள். ஆணி எங்கே என்று இப்படிக் கணக்கிடுங்கள்: 145உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, சட்டத்தின் பின்னால் கட்டிய கம்பியை இழுத்துப் பிடித்தால் அது சட்டத்தின் மேல் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 60 சென்டிமீட்டர் உயரப் படம், கம்பி 8 சென்டிமீட்டர் கீழே என்றால், 145 கூட்டல் 30 கழித்தல் 8, அதாவது 167. குழந்தைகள் அதிகம் வரும் மையம் என்றால் 135ஐ வைத்துக் கணக்கிடலாம். நூலிலோ சணலிலோ தொங்கவிடாதீர்கள், ஈரத்தில் இற்றுவிடும். சட்டத்தின் பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருபுறமும் வளையம் திருகி, முறுக்குக் கம்பி கட்டுங்கள்.

பழைய பங்களாக்களில் சுவர் சுண்ணாம்புக் காரை. ஆணி அடித்தால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழும். அங்கே சுவரின் மேல்பகுதியில் படம் தொங்கவிட என்றே ஒரு மரச்சட்டம் ஓடும். அதிலிருந்து கொக்கி போட்டுக் கம்பியில் இறக்குங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஈரமாக இருந்தால் அதில் காகித ஓவியம் வேண்டாம். விளக்கு மஞ்சள் சாய்ந்த எல்இடியாக இருந்தால் நல்லது. நேர் எதிரிலிருந்து அடிக்காமல் மேலிருந்து சாய்வாக விழட்டும், அப்போது கண்ணாடியில் பார்ப்பவர் முகம் தெரியாது.

பெயர்ச் சீட்டு படத்தின் வலது பக்கம், கீழ் விளிம்பை ஒட்டி. படத்தின் பெயர், உங்கள் பெயர், ஊர், ஆண்டு, எதில் செய்தது, அளவு, விலை. தமிழில் கண்டிப்பாக, தமிழ் முதலில். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சுவர் முழுக்க ஆங்கிலச் சீட்டு இருந்தால், உங்கள் அம்மாவும் அவர் தோழிகளும் உள்ளே வந்தவுடனேயே இது தங்களுக்கான இடம் இல்லை என்று ஓரமாக நின்றுவிடுகிறார்கள். இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கைவினைப் பொருள் என்றால் செய்தவரின் பெயரைப் போடுங்கள். ‘பழங்குடிக் கலை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், செய்தவருக்கு ஒரு பெயர் இருக்கிறது.

திறப்பு நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு வையுங்கள். எஸ்டேட்டில் அன்றுதான் விடுமுறை. மாலை வைத்தால் ஊர்க்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இருட்டில் காட்டெருமையும் கரடியும் நிற்கும் பாதையில் நடக்க வேண்டும். அழைப்பிதழைக் கைபேசியில் அனுப்பினாலும், நான்கு பேர் வீட்டுக்கு நேரில் போய்க் கூப்பிடுங்கள். வரைய உதவியவர், முகம் தந்தவர், பிரேம் செய்த தச்சர், பள்ளி ஓவிய ஆசிரியர். விளக்கேற்ற பெரிய மனிதரைத் தேட வேண்டாம், இவர்களில் ஒருவர் ஏற்றட்டும். தேநீர் எவர்சில்வர் டம்ளரில்.

கண்காட்சி நாட்களில் முடிந்தவரை அறையில் இருங்கள். பார்க்கிறவர் பக்கத்தில் போய் விளக்கம் சொல்லி நிற்க வேண்டாம். கேட்டால் பேசுங்கள். விற்ற படத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டு, கண்காட்சி முடியும் வரை சுவரிலேயே விடுங்கள். உடனே கழற்றிக் கொடுத்தால் சுவரில் பல் விழுந்ததுபோல் ஆகிவிடும். வாங்கியவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர் அனுமதியோடு உங்கள் ஏட்டில் எழுதுங்கள். அடுத்த அழைப்பு அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

இறக்கும் நாள்

சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய இடங்களில் பொருள் அறை என்று தனியாக இருக்காது. விட்டுப்போன படம் தையல் வகுப்பு மேசைக்கு அடியில் போகும், பிறகு ஈரம். ஆணிகளைப் பிடுங்கி, துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, மையம் வைத்திருக்கும் அதே வெள்ளையைத் தொட்டுவிடுங்கள். ஒப்படைப்புச் சீட்டைப் பக்கத்தில் வைத்து விற்றவற்றையும் திரும்பியவற்றையும் சரிபார்த்து இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போடுங்கள்.

விற்காத படங்களை அப்படியே கட்டி வைக்காமல், பிரேமின் பின்பக்கத்தைத் திறந்து ஒருமுறை பாருங்கள். ஈரம் தெரிந்தால் காய வைத்து மூடுங்கள். கண்காட்சியின் புகைப்படங்கள், அழைப்பிதழ், செய்தித்தாளில் வந்திருந்தால் அந்தத் துண்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவின் கண்காட்சிகளுக்கும், மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாகத் தரும் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி விருதுகளுக்கும் விண்ணப்பிக்கும்போது இந்தக் கோப்புதான் கை கொடுக்கும். கைவினைக் கலைஞர் என்றால் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். கோப்பை இரும்புப் பெட்டியில் போடாமல், சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயரமான மரத் தட்டில் வையுங்கள். மையத்தின் அடுத்த கண்காட்சிக்குப் படம் மாட்டும் நாள் எது என்பதையும் கிளம்பும் முன் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.